முப்பத்திரண்டாவது பெயர்

மஞ்சக் கடுதாசி என்று ஊர் சொல்வதை
நான் வெள்ளைத்தாளில்தான் அடிக்கிறேன்.
மதுரை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடி,
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.

இன்றைய மனுதாரர்
கீழமாரட் வீதி வெங்காய மண்டி சொர்ணராஜ்,
வயது ஐம்பத்தொன்று.
கடன் நாற்பத்தேழு லட்சத்துச் சொச்சம்.
சொத்து:
உடுத்தும் துணிகள்,
சமையல் பாத்திரங்கள்,
ஓடாத டிவிஎஸ் ஒன்று.
"ஓடாதங்கிறத அழுத்தி அடிம்மா" என்றார் வக்கீல்.
போல்டு போட்டேன்.

கடன்காரர் பட்டியல் தனித்தாள்.
நாசிக் வியாபாரி, வங்கி, லாரி செட்,
சீட்டுக்காரர்கள், சொந்த மச்சான் இருவர்.
முப்பத்தொன்று, பேச்சிமுத்து, மூட்டை தூக்குபவர்,
மகள் கல்யாணத்துக்கென்று
முதலாளியிடமே கொடுத்துவைத்த எண்பதாயிரம்.
அதுவரை வரிவரியாய்த் திரையைப் பார்த்தவர்
அந்த வரிக்கு மட்டும்
மின்விசிறியைப் பார்த்தார்.

வக்கீல் போனோடு வெளியே போனதும் பேசினார்:
"மண்டிக்கு வந்த புதுசுல
அழுகல் பொறுக்கி வித்துச் சாப்பிட்டவன் நான்.
கையில சல்லி இருக்காது.
ஆனா கேட்டா ஒருத்தன் நம்பிக் குடுப்பான்.
இது அது இல்லம்மா.
இனி ரோட்டுல கெடந்து நான் எடுத்தாலும்
அது கோர்ட்டுக் காசு."

தலையாட்டினேன்.
இன்று இருபத்தெட்டாம் தேதி.
என் பர்ஸில் அறுபத்துமூன்று ரூபாய்,
கொலுசு அடகுச்சீட்டு,
தீர்ந்துகொண்டிருக்கும் சிலிண்டரைப் பற்றிய பயம்.
இதற்கும் ஒரு மனு உண்டா என்று
வக்கீலை ஒருநாள் கேட்டிருக்கிறேன்.
உண்டாம்.
அவர் பீஸைச் சொன்னார்.
சிரித்துவிட்டு
அடுத்த பக்கம் அடிக்கப் போனேன்.

ஸ்டாம்புக்குப் பத்து ரூபாய் குறைந்தது.
சொர்ணராஜ் சட்டைப்பையைத் தடவினார்,
பிறகு பேன்ட்,
பிறகு மறுபடி சட்டை.
எத்தனையோ நோட்டுக்கட்டை
எச்சில் தொட்டு எண்ணிய விரல்கள்.
நான் எடுத்து நீட்டினேன்.
"நாளைக்குத் தந்துர்றேன்"
என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டு
அவரே திடுக்கிட்டார்.

கோப்பை இன்னும் மூடவில்லை.
முப்பத்தொன்றின் கீழே
கோடு விட்டுவிட்டு மின்னியது.
32 என்று அடித்தேன். ஒரு புள்ளி.
என் பெயரின் முதலெழுத்து.
அழித்தேன்.
பிரிண்டர் நான்கு நகல் துப்பியது.

வில்லாபுரம் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.
போன பத்து
ராத்திரிக்கு வெங்காயம் வாங்க வைத்திருந்தது.
இல்லாமலும் குழம்பு கொதிக்கும்,
வாசம்தான் கொஞ்சம்
வேறு மாதிரி.