பெர்சி வில்டன் நினைவிரவு, அரக்கோணம்

தீமிதிக்கு நாலு நாள் அலறிய
அதே பெட்டிகள்தான், அதே ஆம்ப்ளிஃபயர்.
முகப்பில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்துத்தான்
தக்கோலத்திலிருந்து ஏற்றிவந்தேன்
ரயில்வே இன்ஸ்டிடியூட்டுக்கு.

"கன்ட்ரி மியூசிக் கேட்டிருக்கியா?" என்றார்
செயலாளர் ஷெல்டன்.
நாட்டுப்புறப் பாட்டா சார், என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"ஆமாம்பா. ஆனா வேற நாட்டுப்புறம்."

மேடையில் மாலை போட்ட படம்: பெர்சி வில்டன்.
கூட்ஸ் டிரைவர்.
ரேணிகுண்டாவுக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே
முப்பத்திரண்டு வருஷம் சரக்கு இழுத்துவிட்டு
சனிக்கிழமையானால் இங்கே வந்து
கிடாரைத் தொப்பைமேல் ஏற்றிக்கொண்டு பாடுவாராம்.
தவறி ஒரு வருஷம்.

ஊரே வரும் என்றார்கள்.
நாற்பத்தொரு நாற்காலி நிரம்பியது.
மீதி ஊர் பெர்த்திலும் மெல்போர்னிலும் இருக்கிறதாம்.

அகலத் தொப்பியோடு ஆறு பேர் ஏறினார்கள்.
ஒருத்தர் தொப்பியில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது,
யாரும் சொல்லவில்லை, நானும்.
எனக்குப் புரிந்தவை மூன்று சொற்கள்:
டிரெயின், லோன்லி, மாமா.
தாய்மாமன் பாட்டு என்றே நினைத்து
பாதிவரை உருகிவிட்டேன்.
அங்கே மாமா என்றால் அம்மாவாம்.

எந்தப் பாட்டானாலும் நடுவில் ஒரு ரயில்.
வந்தால் நிறுத்திவிடுகிறார்கள்.
விரல்கள் கம்பிமேல் அப்படியே கிடக்க
நாற்பத்தொரு தலையும் ஜன்னல் பக்கம் சாய்ந்து
கடைசிப் பெட்டி போகும்வரை பொறுத்து
விட்ட சொல்லிலேயே மறுபடி ஏறிக்கொள்கிறார்கள்.
கரண்ட் போய் நின்ற பாட்டு பார்த்திருக்கிறேன்,
நாற்காலி பறந்து நின்ற பாட்டு பார்த்திருக்கிறேன்,
வழிவிட்டு ஒதுங்கி நின்ற பாட்டை
பதினாறு வருஷத் தொழிலில் இங்கேதான் பார்த்தேன்.

ஒன்பதரைக்கு ஷெல்டன் ஒரு கேசட் நீட்டினார்.
எண்பத்தேழில் வீட்டில் பதிந்தது.
"கொஞ்சம் இரையும், பாத்துக்கோ."

மேடையிலிருந்த ஆறு பேரில்
எவர் குரலும் அதுபோல் இல்லை.
பக்கத்துப் படுக்கையில் யாரோ தூங்குவதுபோல்
அடக்கிப் பாடுகிற குரல்.
இரைச்சலைக் குறைக்கக் குமிழைத் திருகினேன்,
குரலும் சேர்ந்து தேய்ந்தது, பழையபடியே வைத்தேன்.

இரண்டாம் அடியில் கிடார் நின்றது.
நாற்காலி கிறீச்சிட்டது, பிறகு அவர்:
"டாரீன், மழ வருது. கொடில துணி கீது பாரு."

ராத்திரி முழுக்க எனக்கு விளங்கிய ஒரே வரி.
வாய்விட்டுச் சிரித்தேன்.
ஹால் முழுக்கச் சிரித்தது.

முன்வரிசையில் நீலக் கவுன் போட்ட அம்மாள்,
முழங்காலில் பட்டை கட்டியவர்,
பாதி எழுந்திருந்தார்.
ஒரு கை நாற்காலியில், ஒரு கை கவுன் மடிப்பில்,
கண் வாசலில்.
வெளியே சித்திரைப் புழுக்கம்,
ஒரு இலை அசையவில்லை.
முழுசாக எழுந்தார். போகவில்லை. உட்காரவும் இல்லை.

கேசட்டில் பாட்டு தொடர்ந்தது.
மரியாதைக்கு நிற்கிறார் என்று நினைத்து
பக்கத்திலிருந்தவர் எழுந்தார்,
பின்வரிசை எழுந்தது,
தொப்பிகள் மார்புக்கு இறங்கின.
சிமெண்டுத் தரையில் நாற்காலிகள் உராய்ந்த சத்தத்தில்
ஒரு வரி எனக்கே கேட்கவில்லை.
ஒரு கை குமிழில் இருக்க
நானும் நின்றேன்.

வாடகையில் இருநூறு குறைத்தார் ஷெல்டன்,
மைக் ஒன்று கரகரத்ததாம்.
வாதாடத் தோன்றவில்லை.
வயர் சுருட்டி, வண்டியேற்றிப் புறப்பட்டால்
கேட் மூடிக் கிடக்கிறது.
கூட்ஸ்.
நாற்பத்து மூன்று பெட்டிவரை எண்ணினேன்.
அப்போதுதான் உறைத்தது,
கேசட் இன்னும் என் டெக்கில் இருக்கிறது.