இடது இருக்கையில் ஒரு மூட்டை

சிவப்பு ஸ்பிரிங் நான்கு
அட்டைப்பெட்டிக்குள் படுத்திருக்கின்றன.
இருபத்தாறாயிரம் ரூபாய். வந்து ஒன்பது நாள்.
அஸ்தம்பட்டி வாடகை வீட்டில்
கட்டிலுக்கடியில் அவற்றுக்கு இடம்.
ராத்திரி ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.
நகை பார்ப்பதுபோல் என்று சொல்லமாட்டேன்,
நகையை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

கார் இரண்டே பேர் உட்காரும் சான் ஸ்டார்ம்.
வயது இருபத்து மூன்று.
உடம்பு ஃபைபர், துருப்பிடிக்காது.
துருப்பிடிக்கிறதெல்லாம் கீழே இருக்கிறது.
முப்பது வருடம் சேகோ ஆலையில் கணக்கெழுதி
கடைசியில் கைக்கு வந்த தொகையில் வாங்கினேன்.
"இந்த வயசுல எதுக்கு?" என்றவர்கள்
எந்த வயதில் என்று சொல்லவில்லை.

ஏற்காட்டு மலையில்
பதினோராம் வளைவுக்கு அது தோளைச் சாய்க்கும்.
பதினான்கில், பின்னால் எங்கோ,
ஒரு டக்.
பூட்டாத பீரோ லாரியில் போகிற மாதிரி.
இறுக்கிக் கட்டு என்றார்கள் தெரிந்தவர்கள்.
நாற்பது மில்லிமீட்டர் இறக்கினால்
ரோட்டைப் பல்லி மாதிரி பிடித்துக்கொள்ளுமாம்.

செவ்வாய்ப்பேட்டை நசுருதீன்
பெட்டியைத் திறந்தார், மூடினார்.
"ஐந்து ரோட்டிலிருந்து கோரிமேடு வரைக்கும்
எத்தனை வேகத்தடை மேடம்?"
பதினேழு. எண்ணி வைத்திருந்தேன்.
"இதை மாட்டினா பதினேழும் வயித்துல இடிக்கும்."

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இடது சீட்ல யார் வருவாங்க?
எடை வேணும்."
யாருமில்லை என்றேன்.
நோட்டில் சைபர் போட்டுக்கொண்டார்.
கூசவில்லை, ஒரு அளவுதானே.
"அப்போ வலப்பக்கம்தான் அமுங்கும்.
ரெண்டு பக்கமும் பாரத்தோட பார்க்கணும்.
எதையாவது ஏத்தி ஒருதடவை மேல போயிட்டு வாங்க."

ஆலைக்குப் போனேன்.
எடைமேடை பாவாயி விஷயத்தைக் கேட்டு
சிரிக்கவில்லை.
"ஆம்பள எடையா, பொம்பள எடையா?"
அறுபது கிலோ ஜவ்வரிசி
சாக்கில் கட்டி, அவளே தூக்கிவந்து உட்கார வைத்து
பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

அடிவாரச் சோதனைச்சாவடியில்
போலீஸ்காரர் குனிந்து பார்த்தார்.
பெல்ட் போட்டிருந்ததால்
அவருக்கும் கேட்க ஒன்றுமில்லை.

ஏறினோம்.
ஒரு வளைவில் மூட்டை என் பக்கம் சாய்ந்தது,
அடுத்ததில் கதவுப்பக்கம்.
கீழே மாக்னசைட் குவாரி வெள்ளையாகத் தெரிந்தபோது
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
பதினொன்று. தோள் சாய்ந்தது.
பதினான்கு.
ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
டக் இல்லை.

ஒண்டிக்கடையில் காபி ஆறுவதற்குள்
நசுருதீனுக்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை,
யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் மட்டும்.
"அப்போ ஸ்பிரிங் கிடையாது மேடம்.
இடப்பக்கம், பின்னாடி, ஆர்ம் புஷ். ரப்பர் செத்துப்போச்சு.
பாரம் இருந்தா சும்மா கிடக்கும்.
ஆளில்லாதப்பதான் தட்டும்."

காபி ஆறிவிட்டது. குடித்தேன்.

புஷ் நானூற்றைம்பது ரூபாய்.
ஷாக் அப்சார்பர் நாலும் புதுசு,
கம்பெனி போட்ட அதே ரகம்.
பதினொன்றில் இன்னமும் கொஞ்சம் சாய்கிறது,
நசுருதீன் மாற்ற வேண்டாம் என்கிறார்,
எனக்கு முழுச் சம்மதமில்லை.

வியாழக்கிழமை பாவாயி போனில்:
"மூட்டையைத் திருப்பணும்க்கா,
ஸ்டாக்குல இடிக்குது."
சரி என்றேன்.
"இன்னொரு தடவை பார்க்கணும்னா நானே வரேன்.
ஐம்பத்தெட்டுதான் இருக்கேன்.
காலையில தராசுல நின்னு பார்த்தேன்."

சிவப்பு ஸ்பிரிங்கை விற்கப் போட்டிருக்கிறேன்.
கேட்பவர்கள் பாதி விலை சொல்கிறார்கள்.
கட்டிலுக்கடியிலேயே கிடக்கட்டும்.