நாக்தேவி தெருவில் அரை மில்லி

"எதற்கு?" என்றார் கபாசி சேட்.
கட்டில் தலைப்பலகை, கிளியின் கண்.
முப்பத்தைந்தாயிரம் சுற்று மெஷினை முன்னால் தள்ளினார்.
வேகம் வேண்டாம், தேக்கு கருகும்.
மணிக்கட்டில் கனக்காமல் இருந்தால் போதும்.

பிட்டுகள்: உருண்டை, கூம்பு, தீச்சுடர்.
அரை மில்லி உருண்டையை மாட்டி
கல்லாவோரச் சோதனைப் பலகையில் வைக்கப் போனேன்.
இடமில்லை.
வாங்கியவர்கள், வாங்காமல் போனவர்கள்
எல்லாருடைய கீறலும்.
ஒருவன் பெயரின் முதலெழுத்து.
யாரோ தொடங்கிப் பாதியில் விட்ட மாவிலை;
சிலும்பு எழும்பிய பக்கம் சொல்கிறது,
என்னைப்போல் இடக்கை.

வெளியே மழை. ஷட்டர் பாதி இறங்கியது.
மீதி இலையை முடித்தேன்.
கடைசி நரம்பு மட்டும்
இரட்டைக் கோடாய் விழுந்தது.

"பேக் பண்ணவா?"
"நுனி ஆடுது சேட்.
இன்னொன்று காட்டுங்க."