பாதத்தூசி

இருபத்தாறு வருடம்
தப்ரீஸ் நகர மசூதி வாசலில்
முழங்காலில் பலகை வைத்து மனு எழுதினார்
மிர்ஸா இமாம்வெர்தி.
எருமை செத்தவனுக்கும், வரி கட்ட முடியாதவனுக்கும்,
மகனைப் பட்டாளத்தார் பிடித்துப்போனவளுக்கும்
ஒரே தொடக்கம்:
"தங்கள் பாதத்தூசியாகிய நாங்கள்…"
தூசிக்கு விலை இரண்டு செப்புக்காசு.
உறையிலிட்டால் மூன்று.

பதில் வந்ததாக
எவரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

பனி விழுந்த அந்த வாரம்
ரொட்டியில் மணல் கடிபட்டது.
விடியுமுன் வரிசையில் நின்றவர்களில்
கிஸ்பஸ் என்றொருத்தி.
'பெண் போதும்' என்று பொருள் அந்தப் பெயருக்கு;
நம் ஊர்ப் போதும்பொண்ணுக்குத் தூரத்துச் சொந்தம்.
ஆறாவது மகள். கம்பளி அலசும் வேலை. கைநாட்டு.

அவள்தான் முதலில் பார்த்தாள்,
ரொட்டிக் கடைச் சுவரில் மாவுப்பசை தடவி
இரவில் யாரோ ஒட்டிப்போன தாளை.
ஊதா மை. ஈரம் காயவில்லை.
பிய்த்து முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு போய்
மிர்ஸாவிடம் நீட்டினாள்:
"என்ன போட்டிருக்கு?"

கண்ணால் படித்தார்.
மடித்தார்.
"மருந்து விளம்பரம்."

"மருந்துக்கா உங்க கை இப்படி நடுங்குது?"

பிறகு வாசித்தார், தாடிக்குள்ளேயே.
செப்புக்கொல்லன் ஆகாபாலா சுத்தியலை நிறுத்தினான்.
கழுதைக்காரன் கழுதையோடு நின்றான்.
சத்தமா, என்றது பின்வரிசை.

புதிதாக ஒன்றுமில்லை அதில்.
ஆளுநரின் மச்சான் கிடங்கில்
இரண்டு அறுவடைக் கோதுமை கிடப்பது
வண்டி ஓட்டியவனுக்குத் தெரியும்,
சாக்கு தைத்தவளுக்குத் தெரியும்,
எலிகளுக்கு எப்போதோ தெரியும்.
பக்கத்தில் நிற்பவருக்கும் அது தெரியும்
என்பது மட்டும்
ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.

அப்புறம் அந்தப் பேச்சு.
அரண்மனைப் பாரசீகம் இல்லை;
வெங்காயத்துக்குப் பேரம் பேசும் சந்தைத் துருக்கி.
"கிடங்குக்குப் பூட்டு ஒன்று.
நாம் எத்தனை பேர்?"
அதோடு தாள் முடிந்துவிட்டது.

நாங்கள், நாம் என்று
நமக்குத்தான் இரண்டு சொல்.
அவர்கள் மொழிகளில் இரண்டுக்கும் ஒன்றே.
மிர்ஸா பல்லாயிரம் முறை எழுதியது.
எழுதியபோதெல்லாம் அந்தச் சொல்
கேட்பவனுக்கு எட்ட நின்று கும்பிட்டது.
அன்று அது பக்கவாட்டில் திரும்பி
கேட்டவரையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது.
தன் குரல்தானா என்று
அவரே ஒருமுறை நிறுத்திப் பார்த்தார்.

கிஸ்பஸ் எண்ணத் தொடங்கினாள்.
நிஜமாகவே, விரல்விட்டு.
பத்து தீர்ந்ததும்
கழுதைக்காரன் தன் விரல்களைக் கொடுத்தான்.
அப்புறம் யாரெல்லாமோ.
எண்ணிக்கை குழம்பியபோது
காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
அவள் நடக்க ஆரம்பித்தாள்.

பூட்டு உடைந்தது.
நான்கு வேட்டு.
அன்றிரவு ஊரில் மணலில்லாத ரொட்டி.
ஆகாபாலா மட்டும் சாப்பிடவில்லை;
அவனை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள்.

ஊதா படிந்த உள்ளங்கையைத் தேடி
சிப்பாய்கள் வீடுவீடாக வந்தார்கள்.
கம்பளிச் சாயத் தெருவில் நுழைந்ததும்
தேடுவதை விட்டுவிட்டார்கள்.

தாளை எழுதியவன் யாரென்று இன்றும் தெரியாது.
அந்த வரிசையில் அவனும் நின்றிருக்கலாம்,
பசியோடு,
தன் எழுத்தை இன்னொருவர் குரலில் கேட்டபடி.
பயந்து வீட்டிலேயே இருந்திருக்கவும் கூடும்.

நாற்பதாம் நாள்
ஆகாபாலாவின் மனைவி மசூதி வாசலுக்கு வந்தாள்.
உதவித்தொகைக்கு மனு.
மிர்ஸா மை தொட்டு,
"தங்கள்" என்று எழுதி, நிறுத்தினார்.
நாணல் பேனா முனையில் மை காய்ந்தது.
மறுபடி தொட்டார்.
மறுபடி காய்ந்தது.

இரண்டு காசை வைத்துவிட்டு
அவள் காத்திருந்தாள்.
வேறு எப்படித் தொடங்குவது என்று
அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.