வீடு, பெண்பால்

ஓ ஊனா காஸா.
யூட் பலகையில் எழுதியது அவ்வளவுதான்.
புதுக்குடியிருப்புச் சந்தியில் உரக்கடைக்கு மேல்மாடி,
கதிரை பதினொன்று, ஆட்கள் பதினான்கு,
யூரியா மணக்கிற செவ்வாய்க்கிழமை.

என்னைவிட எட்டு வயது இளையவன் யூட்.
பலெர்மோவில் ஆறு வருடம் கோப்பை கழுவினவன்.
இலக்கணத்தையும் அப்படித்தான்
தேய்த்து, அலசி, கவிழ்த்து வைக்கிறான்.

"எனக்கு ஒரு வீடு இருக்கு.
இதுதான் கருத்து. எழுதுங்கோ."

முதலில் ஓ.
எழுதும்போது முன்னால் ஒரு எச் நிற்கும்,
வாசிக்கும்போது அது வாயே திறக்காது.
பிறகேன் அது என்று கேட்டாள் மெற்றில்டா.
எச்சை விட்டால் சொல் மாறிவிடுமாம்:
'அல்லது' என்று ஆகிவிடுமாம்.
அல்லது ஒரு வீடு.
நான் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

நான் எங்கே என்று தேடினோம்.
நானுக்கு இயோ. ஐயோ இல்லை, இயோ.
ஆனாலும் சொல்லத் தேவையில்லை,
வந்தேன் என்றால் ஏனுக்குள் நான் இருப்பதுபோல
ஓவுக்குள்ளேயே ஆள் இருக்கிறது.
ஓ, எனக்கு. ஆய், உனக்கு. ஆ, அவளுக்கு.
நாங்கள் நோவில் போடுகிற சத்தமெல்லாம்
அங்கே சொத்துக்கணக்கு.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.
தமிழில் இருப்பது வீடு.
நான் 'கு' உருபைப் பிடித்துக்கொண்டு
வசனத்தின் ஓரமாக நிற்பேன்.
இத்தாலியனில் நான்தான் வைத்திருக்க வேண்டும்,
வீட்டை, முழுதாக, என் கையில்.

ஊனா ஏனென்றால் வீடு பெண்.
ஆ என்று முடிந்தால் அநேகமாகப் பெண்,
ஓ என்று முடிந்தால் ஆண்.
கதிரை பெண், மேசை ஆண்.
யன்னல் பெண், கதவும் பெண்.
அஃறிணையை இப்படிப் பிரித்துவைத்த சனம்
சண்டை பிடிக்காமல் எப்படிச் சாப்பிடுகிறார்களோ.
கூரை?
தெத்தோ, ஆண்பால் என்றான் யூட்.
"அதுதான் இன்னும் வந்து சேரேல்லை"
என்றாள் மெற்றில்டா என்னைப் பார்த்து.
பதினான்கு பேரும் சிரித்தோம்,
கீழே உரமூட்டை ஏற்றுகிறவன் அண்ணாந்து பார்த்தான்.

தேவிபுரத்தில் என் வீடு யன்னல் மட்டத்தோடு நிற்கிறது.
மூன்றாம் கட்டக் காசு வரும் என்றார்கள்,
பிறகு அந்தத் திட்டத்தின் பெயரே மாறிவிட்டது.
நாங்கள் இருப்பது பக்கத்துத் தகரக் கொட்டிலில்.
விறாந்தையாக வரவேண்டிய இடத்தில்
வெயில் ஒன்பது மணிக்கு வந்து உட்காரும்.
சாமியறையில் ஆடு.

இல்லை என்று சொல்ல
நொன் என்று முன்னால் போட்டால் போதும்.
நொன் ஓ ஊனா காஸா.
வினையைத் திருப்பவேண்டாம், கழற்றவேண்டாம்.
இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று
எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வீட்டுவேலை: உண்மையான வசனம் ஒன்று.
பலெர்மோவில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டி
அந்தக் காசில் மரமும் ஓடும் வாங்கினால்
அந்த வசனம் உண்மையாகும்,
சொல்ல நான்தான் இங்கே இருக்கமாட்டேன்.
எந்தக் காலத்தில் எழுதுவது?
இறந்தகாலம் அடுத்த மாதம்தானாம்,
எதிர்காலத்துக்குத் தனிக்காசு.

ஓ ஊனா காஸா என்றே எழுதிக் கொடுத்தேன், எச்சோடு.
யூட் சரி போட்டான்.
மரம், ஓடு ஒன்றும் கேட்கவில்லை.

இரவு கொட்டிலில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.
சொல்லும்போது எச் இருக்கிறதா இல்லையா
என்று யாருக்குத் தெரியும்?
எனக்கு ஒரு வீடு. அல்லது ஒரு வீடு.
யன்னலுக்கு விட்ட ஓட்டையில்
முன்கால் இரண்டையும் வைத்து
ஆடு எட்டிப் பார்க்கிறது.
அது ஆணா பெண்ணா என்று
இங்கே எல்லாருக்கும் தெரியும்.