வலப்புறம் எறிவது

துப்பாக்கி எனக்கு.
அச்சும் அழுத்தியும் தராசும் நார்மண்டுக்கு.
ஹூல்ட்டன் நீதிமன்றம் அப்படித்தான் பிரித்தது.
படகுக்காக நாற்பது நிமிடம் வாதாடிய வக்கீல்கள்
இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை:
அச்சு இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி
மூன்றடி இரும்பு.

ஆகவே அக்டோபரின் மூன்றாம் சனிக்கிழமை
உருளைக்கிழங்கு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து
அவன் கராஜுக்குப் போகிறேன்.
காபிப் பொடி டப்பாவில் பித்தளைக் கூடுகள்.
"பதினேழுதான் இருக்கு" என்றான்
மூடியைத் திறக்கும் முன்பே,
குலுங்கிய சத்தத்தை வைத்து.

இந்த ரகத் தோட்டாவை
இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை.
வேறொரு ரகத்தின் கூட்டை வாங்கி, வெட்டி, விளிம்பு சீவி
இருபதையும் அவன்தான் செய்தான்,
ஒரே வீட்டில் நாங்கள் பேசாமல் இருந்த
அந்தக் கடைசிக் குளிர்காலத்தில்.

அவன் பழைய கேப்பைத் தட்டி எடுக்கிறான்.
நான் கூட்டைத் துடைக்கிறேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அவன் தராசின் முள்ளைப் பார்க்கும்போது
நான் மூச்சை அடக்குகிறேன்.
மூச்சுக்கும் ஆடும் அந்த முள்.

பழைய தானியங்கி. அதற்கென்று ஒரு குணம்.
மருந்து சிட்டிகை குறைந்தால்
வெற்றுக்கூட்டை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல்
பாதி வாயில் கவ்விக்கொண்டு நிற்கும்.
கூடினால் முன்கட்டை பிளக்கும்.
ஒருமுறை பிளந்தது.
பசை வைத்து ஒட்டிய கோடு
இன்னும் என் இடது உள்ளங்கைக்குத் தெரியும்.

"மூணு எங்கே?"
"பனியில."
"தேடினியா?"

தேடினேன்.
சுட்ட கையோடு கூட்டை
வலத்தோளுக்குப் பின்னே பத்தடி எறிகிற துப்பாக்கி இது.
மூன்றாவது குண்டுக்கு மான் விழுந்தது.
அது இனி எங்கும் போகாது என்று
திரும்பி மண்டியிட்டேன்,
கன்னம் பனியில் படும்படி.
சுடுகூடு விழுந்த இடத்தில்
பென்சில் குத்தியதுபோல் ஒரு துளை இருக்கும்,
நூலளவு ஆவி எழும்.
அன்றைக்குப் புதுப்பனி கொட்டிக்கொண்டிருந்தது.
நான் திரும்புவதற்குள் மூடிவிட்டது.

நார்மண்ட் எழுந்து போய்
திருகாணிகள் போட்டுவைக்கும் இழுப்பறையைத் திறந்தான்.
மூன்று கூடுகள். பச்சை பூத்திருந்தன.
ஒன்றின் வாயில் ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசியிலை.

"ஏப்ரல்ல பனி இறங்கினதும் போனேன்.
நீ எங்க நிப்பேன்னு தெரியுமே."

விளக்குக்கு நேராகப் பிடித்து உருட்டிப் பார்த்தேன்.
ஒன்றின் வாயோரம் மயிரிழை விரிசல்.
"இது ஆகாது" என்றேன்.
"ஆகாது" என்றான்,
குப்பைத் தொட்டியைக் காலால் என் பக்கம் நகர்த்தி.

பத்தொன்பது.
பெட்டியின் இருபதாவது குழி காலியாக இருக்க
இருட்டில் வடக்கே ஓட்டிக்கொண்டு வந்தேன்.
விரிசல் விட்டதைத் தொட்டியில் போடவில்லை.
சட்டைப்பையில்தான் இருந்தது.
ஏனென்று கேட்காதீர்கள்.
பித்தளைக்கு இப்போது நல்ல விலை.