முள் ஏறும் இடம்

இயக்கச்சி தாண்டும்வரை ஒன்றுமில்லை.
ஆனையிறவில்,
இரண்டு பக்கமும் உப்புவெளி, ஒதுங்க ஒரு மரமில்லை,
அந்த இடம் பார்த்து
முள் ஏறத் தொடங்கும்.
முதுகில் நாலு தொன் வெங்காயம்.
வேகத்தைக் குறைப்பேன், முள் குறையாது.
நிறுத்துவேன். பொனற்றுக்குக் கீழே
புட்டுப்பானைச் சத்தம்.

மூன்று மாதம்
ஆர் என்ன சொன்னாலும் செய்தேன்.
ஃபான் பெல்ற் தளர்வு என்றார் கொடிகாமத்தில் ஒருவர். மாற்றினேன்.
மூடியின் றப்பர் என்றார் இன்னொருவர். மாற்றினேன்.
வவுனியாவில் ஒருவன் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி
"இந்த வெய்யிலுக்கு உது என்னத்துக்கு?" என்று
பழஞ்சாமான் வாளிக்குள் எறிந்தான்.
கடைசியாய் மச்சான் வந்து
செத்தவீட்டுக் குரலில் சொன்னான்:
"ஹெட் காஸ்கெற் போட்டுது. கிடைக்கிற விலைக்குத் தள்ளிவிடு."

அன்றிரவு கணக்குப் பார்த்தேன்.
லொறி என்ன விலைக்குப் போகும் என்றல்ல,
லொறி இல்லாத நான்
என்ன விலைக்குப் போவேன் என்று.

நாவாந்துறையில் மரிஸ்ரெலா
படகு இயந்திரம் திருத்துகிறவள். லொறி தொடமாட்டாள்.
என் பழைய பெட்ஃபோட்டின் சத்தம் கேட்டு
தானாகவே எழும்பி வந்தாள்.

ஸ்பானர் எடுக்கவில்லை.
ஆறின என்ஜினை மூடி திறந்தபடி ஓடவிட்டு
கஞ்சி காய்ச்சுகிறவள்போல உள்ளே பார்த்தபடி நின்றாள்.
"குமிழி வரேல்லை. ஹெட் நல்லாய்த்தான் இருக்கு.
உங்கட மச்சானுக்கு லொறி வேணுமாக்கும்."

பிறகு மூடியைப் பூட்டி, சூடேறவிட்டு, நிறுத்தி,
றேடியேற்றரில் புறங்கையை வைத்தாள்.
மேலே வைத்ததும் எடுத்தாள்.
நடுவில் கொஞ்சம் பொறுத்தாள்.
கீழ்மூலையில் வைத்த கையை எடுக்கவேயில்லை.
"வைச்சுப் பாருங்கோ."
மேலே நெருப்பு.
ஒரு முழம் கீழே மார்கழி.

"என்ன தண்ணி விடுறனீங்கள்?"
"எங்கட கிணத்துத் தண்ணி."
"எந்த ஊர்?"
"புன்னாலைக்கட்டுவன்."
"ம்," என்றாள்,
வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன் போல.

ஈயத்தை உருக்கி மேல்தொட்டியைத் திறந்தாள்.
குழாய்வாய்களை எண்ணினோம்.
மூன்றில் ஒன்றுதான் மூச்சு விட்டது.
மிச்சமெல்லாம் வெள்ளைக் கல்.
கேத்தில் அடியில் படிவது.
போன வருசம் பெரியாஸ்பத்திரியில்
எனக்குள்ளிருந்து எடுத்து
சின்னப் போத்தலில் போட்டுத் தந்ததும் இதுதான்.

பதினொரு வருசம்.
விடிய விடிய ஒரு கான் தண்ணி
"குடி ராசா" என்று என் கையால் ஊற்றினது.
வெய்யிலைத் திட்டினேன்,
வவுனியாக்காரனைத் திட்டினேன்,
பெல்ற் விற்றவனின் பரம்பரையையே திட்டினேன்.

இரண்டு நாள் அசிற்றில் ஊறியது.
குழாய் குழாயாய்க் கம்பி விட்டுக் குத்தினாள்.
பல் கூசுகிற சத்தம்.
புதுத் தேர்மோஸ்ரற்றைக் கொதிதண்ணிச் சட்டியில் போட்டு
அது மெல்ல வாய் திறப்பதைக் காட்டினாள்.
"இது இல்லாட்டில் பாதித் தண்ணி
றேடியேற்றர்ப் பக்கம் போகாமல் உள்ளுக்கையே சுத்தும்."
சுத்திகரித்த தண்ணியும் பச்சைக் கூலன்ற்றும் விட்டாள்.
"இனிக் கிணத்துத் தண்ணி வேண்டாம்."
லொறிக்கா, எனக்கா?
கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி. அதே ரெண்டு மணி வெய்யில்.
அதே நாலு தொன்.
ஆனையிறவு வந்தது.
முள் நடுவில் நின்றது,
நான்தான் அதை ஏறச்சொல்லிக்
கெஞ்சுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு மெல்லக் கண்ணை எடுத்தேன்.

தண்ணியில் பறவைகள்.
பூநாரையோ கொக்கோ, நூறு இருக்கும்,
ஒற்றைக்காலில்.
இத்தனை வருசமும் இங்கேதான் நின்றனவோ?

பரந்தன் சந்தியில்
இடது சிக்னல் வேலைசெய்யவில்லை.
கையை வெளியே நீட்டினேன்.